சாளரம் ஏன் திறக்கவில்லை?

மாணவர் ஒருவர் தம் கணிப்பொறியில் புதிய ‘சாளர மேலாளர்’ ஒன்றை நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவும் வேலை தடையின்றி முடிகிறது. பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை. கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார். அது பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. தருகிறார். திரை ஒரு கணம் கறுக்கிறது. பிறகு பழையபடி பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு நிற்கிறது. பத்து முறை முயன்றாலும் இதே கதைதான்.

இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது மூன்றில் ஒன்று. எந்திரத்தைக் கடைக்கு எடுத்துச் செல்வார்கள். அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவார்கள். அல்லது ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று விட்டுவிடுவார்கள். இம்மூன்றுக்கும் முன்னால் நான்காவது வழி ஒன்று உண்டு. ‘எதுவரை ஓடியது? எங்கே நின்றது?’ என்று கேட்பதே அது. அப்படிக் கேட்க வேண்டுமானால் திரைக்குப் பின்னால் எத்தனை உறுப்புகள் இருக்கின்றன, அவை ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பிரிவினை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தெரிந்தே செய்யப்பட்டது. அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். அதற்கான விலையையும் இன்றும் கொடுக்கிறோம்.

அட்டையிலிருந்து திரைக்கு

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலத்தில் அத்தகைய எந்திரத்தோடு மாணவர் நேருக்கு நேர் பேசுவது அரிது. துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுக்க வேண்டும். விடை தாளில் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். நிரலில் ஒரு காற்புள்ளி தவறினாலும் அட்டையை மாற்றி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சாளரம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அதே 1973இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ‘ஆல்ட்டோ’ என்ற சிறு கணிப்பொறி உருவாயிற்று. அதற்கு நிமிர்ந்த தாள் வடிவில் ஒரு திரையும், கையால் நகர்த்தும் ‘மௌஸ்’ என்ற கருவியும் இருந்தன. மௌஸ் அங்கே பிறந்தது அன்று. டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அறிஞர் 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரில் நடத்திக் காட்டிய புகழ்பெற்ற செய்முறையிலேயே மௌஸ் இடம்பெற்றது; திரையைப் பகுதிகளாகப் பிரித்து வேலை செய்வதும் காட்டப்பட்டது. ஆல்ட்டோவில் அந்தக் கருத்து வளர்ந்து, மேசைமேல் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோலத் திரையில் கட்டங்களை அடுக்கும் முறையாக மாறியது. அக்கட்டங்களே சாளரங்கள்.

இங்கே சிறு விந்தை ஒன்றைக் குறிப்பிடலாம். கணிப்பொறித் திரையை மேசையாகவும், கட்டங்களை ஜன்னல்களாகவும், விசைகளைச் சாவிகளாகவும் ஆங்கிலேயர் உருவகம் செய்தனர். ‘மேசை’, ‘ஜன்னல்’, ‘சாவி’ ஆகிய மூன்று சொற்களுமே போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை. கடல் வழியே வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்ட இவற்றோடு ‘சாளரம்’ என்ற பழஞ்சொல்லும் இன்று கணிப்பொறித் தமிழில் புத்துயிர் பெற்றிருக்கிறது.

ஆல்ட்டோ பொதுச் சந்தைக்கு வரவில்லை. ஜெராக்ஸ் 1981இல் ‘ஸ்டார்’ என்ற எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆப்பிள் நிறுவனம் 1983இல் ‘லிசா’வையும், 1984 ஜனவரியில் ‘மெக்கின்டாஷ்’ கணிப்பொறியையும் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘விண்டோஸ்’ முதற்பதிப்பு 1985 நவம்பரில் வந்தது. அதில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறா. தரையில் பதித்த ஓடுகள்போல ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. சாளரத்தை வரைவதும், அதற்குச் சட்டமும் தலைப்பும் இடுவதும், நகர்த்துவதும், மூடுவதும் எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் ஒரே கட்டமைப்புக்குள் அடங்கும். பயனர் அதில் எதையும் கழற்றி மாற்ற முடியாது. கழற்ற முடியாதபோது தவறாகப் பொருத்தவும் முடியாது அன்றோ?

பிழை தேடப் போய்ப் பிறந்த ‘எக்ஸ்’

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் 1983இல் ‘அதீனா திட்டம்’ தொடங்கியது. மாணவர் அனைவரும் பயன்படுத்தும்படி வளாகம் முழுவதும் கணிப்பொறிகளை வைப்பது அதன் நோக்கம். டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்கள் எந்திரங்களைத் தந்து உதவின. சிக்கலும் அங்கேதான் எழுந்தது. ஒரு நிறுவனத்தின் எந்திரத்தில் ஓடுவது மற்றதில் ஓடவில்லை. திரைகளும் வேறு; விசைப்பலகைகளும் வேறு.

அதே நிலையத்தின் கணிப்பொறி அறிவியல் ஆய்வகத்தில் பாப் ஷைஃப்லர் என்பவர் ‘ஆர்கஸ்’ என்ற அமைப்பில் ஈடுபட்டிருந்தார். ஒரே நேரத்தில் பல கணிப்பொறிகளில் ஓடும் நிரல்களுக்கான அமைப்பு அது. அதில் பிழை காண்பதற்கு, பல எந்திரங்களில் நடப்பதை ஒரே திரையில் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பால் அசெண்டே, பிரையன் ரீட் ஆகியோர் உருவாக்கிய ‘டபிள்யூ’ என்ற சாளர அமைப்பு அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பதில் வரும்வரை காத்திருக்கும் அதன் முறையை நீக்கி, கட்டளைகளைத் தொடர்ந்து அனுப்பும் முறையை அவர் அமைத்தார். 1984 ஜூன் 19 அன்று இதைச் சக ஊழியர்களுக்கு அறிவித்தார். ஆங்கில அகரவரிசையில் டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எக்ஸ். அதுவே புதிய அமைப்பின் பெயராயிற்று. அதீனா திட்டத்தைச் சேர்ந்த ஜிம் கெட்டிஸ் அவரோடு இணைந்தார்.

ஆக, நம் மாணவரைப் படுத்தும் இந்த அமைப்பு, பிழை கண்டுபிடிப்பதற்கு உதவியாகப் பிறந்த ஒன்றுதான்!

எக்ஸ் வேகமாக வளர்ந்தது. 1987 செப்டம்பரில் அதன் பதினோராம் வடிவமான ‘எக்ஸ்11’ வெளியாயிற்று. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரப்பட்டதால், பல நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்டன. பதினோராம் எண்ணுக்குப் பிறகு பன்னிரண்டு வரவேயில்லை; திருத்தங்கள் மட்டுமே வந்தன.

மேலாளர் ஏன் வெளியே நிற்கிறார்?

எக்ஸை வடிவமைத்தவர்கள் ஒரு கொள்கையை வகுத்தார்கள். ‘கருவியைக் கொடுப்போம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கட்டளையிட மாட்டோம்’ என்பதே அது. ஆகவே எக்ஸின் நடுவே உள்ள ‘வழங்கி’ என்னும் நிரல் சில வேலைகளை மட்டுமே செய்யும். திரையில் புள்ளிகளை வரையும். விசையும் மௌஸும் அசைவதைச் சொல்லும். இன்ன இடத்தில் இன்ன அளவில் ஒரு சாளரம் என்று கணக்கு வைத்திருக்கும். சாளரத்துக்குத் தலைப்புப் பட்டை வேண்டுமா, எந்த விசையை அழுத்தினால் மூட வேண்டும், புதிய சாளரம் எங்கே தோன்ற வேண்டும் என்பவை வழங்கியின் கவலை அல்ல. அவற்றைக் கவனிக்கத் தனி நிரல் ஒன்று வேண்டும். அதுவே சாளர மேலாளர்.

ஒரு திருமண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். மண்டபத்தின் உரிமையாளர் இடமும் விளக்கும் நாற்காலியும் தருவார். யாரை எங்கே உட்கார வைப்பது, எந்தப் பந்தி முதலில் என்று தீர்மானிப்பவர் வேறொருவர். அவர் வராவிட்டாலும் மண்டபம் இருக்கும், விருந்தினரும் வருவர், ஆனால் எல்லோரும் வாயிலிலேயே குவிந்து நிற்பார்கள். மேலாளர் இல்லாத எக்ஸ் திரையும் இப்படித்தான். நிரல்கள் ஓடும், சாளரங்கள் தலைப்பும் விளிம்பும் இன்றி இடது மேல்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும், நகர்த்தும் வழி இராது.

வழங்கி இதற்காக ஒரு சலுகை தருகிறது. ஒரு நிரல் சாளரத்தைத் திறக்கக் கேட்டால், அந்த வேண்டுகோளை வழங்கி உடனே நிறைவேற்றாமல் மேலாளரிடம் திருப்பிவிடும். ஆனால் இச்சலுகையை ஒரு திரையில் ஒரே ஒரு நிரல்தான் பெற முடியும். இரண்டாமவர் கேட்டால் மறுக்கப்படும். புதிய மேலாளரை இயக்கும்போது ‘வேறொரு சாளர மேலாளர் ஏற்கெனவே ஓடுகிறது’ என்ற செய்தி வருவது இதனால்தான். அது பழுதின் அடையாளம் அன்று. ஒரு வீட்டுக்கு ஒரு தலைவர் என்ற விதியின் விளைவு.

இப்படி மேலாளரை வெளியே வைத்ததும் ஆளுக்கொரு மேலாளர் எழுதத் தொடங்கினார்கள். டாம் லாஸ்ட்ரேஞ்ச் 1987இல் ‘ட்விம்’ என்ற மேலாளரை எழுதினார். அதுவரை வழக்கிலிருந்த ‘யூவிம்’ அவருக்கு நிறைவு தரவில்லை. 1989இல் எக்ஸ்11இன் நான்காம் வெளியீட்டோடு ட்விம்மே எல்லோருக்கும் பொதுவாயிற்று. நினைவகம் குறைந்த எந்திரங்களுக்கு ஏற்றதாக ட்விம்மைத் திருத்தி 1993இல் ராபர்ட் நேஷன் ‘எஃப்விவிம்’ செய்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், சாதாரணக் கணிப்பொறிகளுக்கும் இவற்றைக் கொண்டுவந்தது. மத்தியாஸ் எட்ரிக் 1996 அக்டோபரில் கே.டி.ஈ. திட்டத்தையும், மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிக்கோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தையும் அறிவித்தனர். மேலாளரோடு பட்டை, கோப்பு உலாவி, அமைப்புப் பெட்டி என்று முழு மேசையையே இவை தந்தன.

பொருத்தும் உரிமை பயனருக்குக் கிடைத்தது. பொருத்தும் இடங்களில் பிசகு நேரும் வாய்ப்பும் கூடவே கிடைத்தது.

இன்னொரு எம்.ஐ.டி.

மாசசூசெட்ஸ் நிலையத்தைப் போலவே நம் ஊரிலும் எம்.ஐ.டி. ஒன்று உண்டு. குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்ப நிலையமே அது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது இங்கேதான். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானபோது குரோம்பேட்டை அதற்குள் வந்தது.

அந்த வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் இணைந்து 2005இல் கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை இதற்கு ஆதரவளித்தது. இதே காலகட்டத்தில் சி-டாக் ‘பாஸ்’ என்ற இந்திய இயக்கமுறைமையை உருவாக்கியது. பன்னாட்டுத் தன்னார்வலர்களின் ‘டெபியன்’ லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் திரைச்சொற்களைத் தந்தது பாஸ்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் பல லட்சம் எந்திரங்கள் வழங்கப்பட்டன. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இந்த மடிக்கணினிகளில் இடம்பெற்றது. இயக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். மதுராந்தகத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ தமிழ்வழியில் படித்த பிள்ளையின் கைக்கு, உள்ளே எதையும் கழற்றிப் பார்க்கவும் மாற்றவும் உரிமை தரும் ஒரு கணிப்பொறி முதன்முறையாக வந்தது.

ஆனால் உரிமை வேறு, துணிவு வேறு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கில வரி ஒன்று தோன்றினால், அதை வாசிக்கத் தயங்கும் பிள்ளைக்கு அந்த உரிமையால் பயனில்லை. அந்த வரியை வாசிக்க ஆங்கிலப் புலமை தேவையில்லை என்பதைப் பின்வரும் பகுதியில் காண்போம்.

செங்கல்பட்டில் நின்ற வண்டி

எழும்பூரிலிருந்து விழுப்புரம் செல்லும் வண்டி செங்கல்பட்டில் நின்றுவிட்டது என்று கொள்வோம். பயணிக்குத் தெரிவதெல்லாம் ‘வண்டி போகவில்லை’ என்பது மட்டுமே. நிலைய அதிகாரி அப்படி எண்ணமாட்டார். வண்டி தாம்பரத்தைத் தாண்டி வந்திருக்கிறது. எனவே அதுவரை பாதையில் பழுதில்லை. எஞ்சின் இதுவரை இழுத்து வந்திருக்கிறது. ஆகவே குறை இந்த நிலையத்திலோ இதற்கு அப்பாலோதான் இருக்க வேண்டும். ஓடிய தூரமே அவருக்கு முதல் சான்று.

கணிப்பொறி விழித்தெழுவதும் ஒரு தொடர் பயணமே. முதலில் எந்திரத்தின் அடிப்படை நிரல். அடுத்து இயக்கமுறைமையின் கரு. பிறகு பின்னணிச் சேவைகள். பிறகு எக்ஸ் வழங்கி. அதன்மேல் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுத் திரை. அதன்பின் பயனரின் அமர்வு. கடைசியில்தான் சாளர மேலாளர். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு நோயின் குறிகளைப் பார்ப்போம்.

நுழைவுத் திரையே தோன்றாவிட்டால் புதிய மேலாளர்மீது பழி போடுவது பெரும்பாலும் தவறு. அதன் முறை இன்னும் வரவேயில்லை. திரை அட்டைக்கான இயக்கி நிரல் பொருந்தாமை போன்ற காரணத்தை அங்கே தேட வேண்டும்.

நுழைவுத் திரை தோன்றி, கடவுச்சொல்லை ஏற்று, மீண்டும் அதே இடத்துக்குத் திரும்பினால், வழங்கி நலமாக இருக்கிறது என்று பொருள். அமர்வு தொடங்கிய உடனே முடிந்துவிட்டது. மேலாளரின் பெயர் அமர்வுக் கோப்பில் தவறாக எழுதப்பட்டிருக்கலாம். வட்டில் இடமே இல்லாமல் போயிருந்தால், நுழைவுக்குச் சான்றாக எழுத வேண்டிய சிறு கோப்பை எழுத முடியாது. அதனாலும் இப்படி நேரும். நிர்வாகி அதிகாரத்தோடு ஒருமுறை எக்ஸை இயக்கியதால் அந்தக் கோப்பின் உரிமை நிர்வாகிக்கு மாறிவிட்டிருந்தாலும் இதுவே விளைவு. இவற்றில் எதற்கும் மறுபடி நிறுவுதல் தேவையில்லை.

திரை வெறுமையாக இருந்து, மௌஸ் அம்பு மட்டும் நகர்ந்தால் அவசரப்பட வேண்டாம். மேலாளர் ஓடிக்கொண்டே இருக்கலாம். பழைய ட்விம்மும் இன்றைய சிறு மேலாளர்கள் பலவும் தொடக்கத்தில் எதையுமே காட்டுவதில்லை. வெற்றிடத்தில் மௌஸை அழுத்தினால் பட்டியல் விரியும். சிலவற்றில் குறிப்பிட்ட விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். தொடங்கிவிட்ட ஒன்றைத் தொடங்கவில்லை என்று எண்ணி அழித்தவர்கள் உண்டு.

‘திரையைத் திறக்க முடியவில்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால், எக்ஸ் ஓடாத வெற்று எழுத்துத் திரையிலிருந்து மேலாளரை அழைத்திருக்கிறோம் என்று கொள்ளலாம். மண்டபமே திறக்காதபோது பந்தி விசாரிப்பவரை அழைத்த கதை இது.

நுழைவுத் திரை இன்றிக் கட்டளையால் எக்ஸைத் தொடங்குவோருக்கு ஒரு பழைய பொறி உண்டு. தொடங்க வேண்டியவற்றை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைப்பார்கள். மேல்வரிகள் ஒவ்வொன்றும் ‘பின்னணியில் ஓடு’ என்ற குறியோடு முடிய வேண்டும். கடைசி வரி மட்டும் அக்குறியின்றி நிற்க வேண்டும். கடைசி வரியின் நிரல் முடிந்தால் எக்ஸும் முடியும். மேலாளரின் பெயரைக் கடைசி வரியில் பிழையாக எழுதினால், எக்ஸ் எழுந்த வேகத்திலேயே படுத்துவிடும். மேலாளரைக் குறியின்றி நடுவில் எழுதினாலோ, அதற்குக் கீழே உள்ளவை தொடங்கவே மாட்டா.

பதிவேடு என்னும் சாட்சி

எழுத்துத் திரைக்குப் போவது எப்படி? லினக்ஸ் எந்திரங்களில் வழக்கமாகக் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்2 அல்லது எஃப்3 விசையைச் சேர்த்து அழுத்தினால் படங்களற்ற எழுத்துத் திரை ஒன்று வரும். அங்கே நுழைந்து பதிவேடுகளைப் படிக்கலாம்.

பதிவேட்டை ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பர். அச்சொல்லின் பொருள் மரக்கட்டை! பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு கை நழுவிச் செல்கிறது என்று எண்ணி ஏட்டில் எழுதுவார்கள். கப்பல் வேகத்தை இன்றும் ‘முடிச்சு’ என்ற பொருள்படும் ‘நாட்’ அளவில் சொல்வது அதனால்தான். மரக்கட்டையின் பெயர் ஏட்டுக்கு வந்தது. ஏட்டின் பெயர் கணிப்பொறிக்கு வந்தது. மாமல்லபுரத்துக் கரையைக் கடந்து சென்ற பாய்மரக் கப்பலின் தலைவன் கலங்கரை விளக்கம் கண்ணில் படாத இரவில் எதை நம்பினானோ, அதையே கறுப்புத் திரையின் முன் நாமும் நம்ப வேண்டும்.

எக்ஸின் பதிவேட்டில் பெரும்பாலான வரிகளில் அடைப்புக்குள் ஒரு குறி இருக்கும். இரட்டை ‘ஐ’ என்றால் வெறும் தகவல். இரட்டை ‘டபிள்யூ’ என்றால் எச்சரிக்கை. பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாம். இரட்டை ‘இ’ என்றால் பிழை. நூற்றுக்கணக்கான வரிகளில் இந்த இரட்டை ‘இ’ உள்ளவற்றை மட்டும் தேடினால் போதும். பயனரின் வீட்டுக் கோப்புறையிலும் அமர்வின் பிழைகளை எழுதும் மறைகோப்பு ஒன்று பல அமைப்புகளில் இருக்கும். புதிய அமைப்புகள் இவற்றையெல்லாம் ‘ஜர்னல்’ என்ற ஒரே பேரேட்டில் திரட்டுகின்றன.

இங்கே ஒரு விதி: கடைசிப் பிழையை அல்ல, முதற்பிழையைப் பிடிக்க வேண்டும். ஒன்று கெட்டதும் அதை நம்பியிருந்த பத்து நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓலமிடும். கண்ணில் முதலில் படுவது கடைசி ஓலம். காரணமோ பல வரிகளுக்கு மேலே அமைதியாக இருக்கும்.

இன்னொரு எளிய சோதனை: அதே எந்திரத்தில் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, அப்பெயரில் நுழைந்து பாருங்கள். அங்கே மேலாளர் ஓடினால் நிறுவியதில் குறையில்லை. குறை நம் பழைய அமைப்புக் கோப்புகளில்தான். ஓடாவிட்டால் நம் கோப்புகள்மீது ஐயம் வேண்டாம். ஒரே சோதனையில் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். புதியது ஓடும்வரை பழைய மேலாளரை நீக்கக் கூடாது. எக்ஸின் முன்னோடிகளும் இதை அறிந்திருந்தனர். 1988இல் எக்ஸ்11இன் மூன்றாம் வெளியீட்டோடு வந்த முதல் நுழைவுத் திரை நிரலான ‘எக்ஸ்டிஎம்’, அமர்வு கெட்டுப்போனால் ஓர் எழுத்துச் சாளரத்தை மட்டும் திறந்து தரும் ஆபத்துக்கால வழியையும் கொண்டிருந்தது.

பெரிய எந்திரங்களுக்கும் இதே ஒழுங்குதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் வேக ஈனுலை சோதனை உலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முறை தொடர்வினை எய்தியது. 1987இல் எரிபொருளைக் கையாளும்போது நேர்ந்த விபத்தால் அது ஈராண்டுகள் நின்றது. உலையை எவரும் கைவிடவில்லை. எங்கே வளைந்தது, ஏன் வளைந்தது என்று ஆராய்ந்து சீர்செய்து, ஆற்றலைப் படிப்படியாக உயர்த்தினர். 1997 ஜூலையில் அதன் மின்சாரம் கம்பித் தொகுப்பை அடைந்தது. மடிக்கணினியையும் அணு உலையையும் ஒப்பிடுவது மிகையெனத் தோன்றலாம். ஆனால் ‘எங்கே நின்றது?’ என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

மீண்டும் ஒன்றாகும் உறுப்புகள்

எக்ஸின் பிரிவினைக் கொள்கை இன்று மறுபரிசீலனைக்கு உள்ளாகியிருக்கிறது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய ‘வேலண்ட்’ என்ற புதிய முறையில் வழங்கியும் மேலாளரும் ஒரே நிரலாக இணைந்துவிட்டன. இடைத்தரகர் குறைந்ததால் காட்சி வழுவழுப்பாகிறது. ஒரு நிரலின் சாளரத்தை மற்றொன்று வேவு பார்ப்பதும் கடினமாகிறது. இதற்கும் விலை உண்டு. எக்ஸில் மேலாளர் இறந்தாலும் மற்ற நிரல்கள் பிழைத்திருக்கும்; வேறொரு மேலாளரை அழைத்து வேலையைத் தொடரலாம். வேலண்டில் அந்த ஒரே நிரல் வீழ்ந்தால் வழக்கமாக அமர்வு முழுவதும் வீழும். பிரித்து வைத்தால் மூட்டுகளில் வலி. சேர்த்து வைத்தால் ஓரிடத்து நோய் உடல் முழுவதற்கும் பரவும். பொறியியலில் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

எந்த முறை நிலைத்தாலும் பதிவேடு இருக்கும்; தொடக்க வரிசை இருக்கும்; முதற்பிழை மேலேதான் இருக்கும். விலையில்லாமல் கிடைத்த மடிக்கணினி ஒன்று பரணில் தூசி படிந்து கிடக்கலாம். அதை எடுத்துத் துடைத்து இயக்கிப் பாருங்கள். திரை கறுத்து நின்றால் கலங்க வேண்டாம். அது எதுவரை வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். எஞ்சிய வழியை அதன் பதிவேடே சொல்லும்.